மூன்று பல்பும் பதினோரு நொடியும்

அப்பாவுக்கு முதல் தடவை கரன்ட் அடித்தபோது மோட்டார் கொட்டாயில் அம்மா இருந்தாள். பக்கத்துக் கொல்லைக்காரர் இருந்தார். கூச்சல் கேட்டு வரப்பில் விழுந்தடித்து ஓடிவந்த என் தாய்மாமன் இருந்தார். நான் இல்லை. நான் திண்டிவனத்தில், மருந்தியல் கல்லூரியின் விலங்குக் கூடத்தில், கையில் ஸ்டாப்வாட்சை வைத்துக்கொண்டு, ஒரு வெள்ளை எலி எத்தனை நொடியில் இருட்டறைக்குள் நுழைகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

2011, மாசி மாதம். மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பூ விட்டிருந்த நேரம்.

அந்தக் கொட்டாயைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஒலக்கூர் பக்கம் எங்களுக்கு இருந்தது தொண்ணூறு சென்ட் நிலம், ஒரு கிணறு, கிணற்றை ஒட்டி வீடு. நான் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த 1993-இல்தான் அப்பா இலவச மின் இணைப்புக்கு மனு எழுதிக் கொடுத்தார். எழுதிக் கொடுத்தார் என்பது தப்பு. எழுதத் தெரிந்த ஒருவருக்கு டீ வாங்கிக் கொடுத்து எழுதவைத்து, கீழே கைநாட்டு வைத்தார். இரண்டும் ஒரே வருஷத்தில் தொடங்கியதால் பள்ளிக்கூடத்தையும் கரன்டையும் சேர்த்தே பேசுவார்.

"ரெண்டு மனு போட்டிருக்கறேன். எது முந்திக்கினு வருதுன்னு பாக்கலாம்."

கரன்ட்தான் முந்தியது. நான் ஒன்பதாவது படிக்கும்போது கம்பம் நட்டார்கள். கொட்டாயின் உள்சுவரில் ஒரு பலகை, அதில் ஸ்டார்ட்டர் பெட்டி, அதற்கு மேலே வரிசையாக மூன்று சின்ன பல்புகள். மூன்றும் எரிந்தால் மும்முனை மின்சாரம் வந்துவிட்டது, மோட்டார் போடலாம். இரண்டு மட்டும் எரியும்போது போட்டால் மோட்டாரின் கம்பிச்சுருள் கருகிவிடும். மின்வெட்டுக் காலம் அது. மும்முனை எப்போது வரும், எத்தனை மணி நேரம் நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் அப்பா வீட்டு வாசலில் கொட்டாயைப் பார்த்தபடியேதான் உட்காருவார். சாப்பிடுவதும் அங்கேதான். பல்பு எரிந்தால் சோற்றுக் கையோடு எழுந்து போய்விடுவார்.

வோல்டேஜ் குறைந்தால் ஸ்டார்ட்டர் பிடிக்காமல் நழுவும். அப்போது பெட்டியின் மூடியைத் திறந்து, உள்ளே இருக்கும் கட்டையை ஒரு வேப்பங்குச்சியால் அமுக்கிப் பிடித்துக்கொண்டால் மோட்டார் ஓடும். தப்பான வேலைதான். சுற்று வட்டாரத்தில் அதைச் செய்யாத ஆளும் இல்லை. அன்று குச்சி ஈரமாக இருந்திருக்கிறது.

பக்கத்துக் கொல்லைக்காரர் அப்பாவின் மார்பில் இரண்டு கையையும் கோத்துக் குத்து குத்தென்று குத்தினாராம். மாமா குட்டியானை வண்டியைப் பிடித்து வந்தார். திண்டிவனத்தில் இருதயத்தைத் திரும்ப ஓட வைத்து, விழுப்புரம் பக்கம் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். நான் நேராக அங்கே போனேன். பத்தொன்பது நாள் நினைவில்லாமல் கிடந்தார்.

இருபதாம் நாள் அப்பா எழுந்து உட்கார்ந்து இட்லி கேட்டார். அம்மாவைத் தெரிந்தது. மாமாவைத் தெரிந்தது. என்னைப் பார்த்து, "எப்படா வந்த? பஸ்ஸு கெடைச்சுதா?" என்றார். கெடைச்சுதுப்பா என்றேன். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். நான் தண்ணீர் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தேன். "எப்படா வந்த? பஸ்ஸு கெடைச்சுதா?" என்றார்.

அன்று மாலைக்குள் அதை எட்டு முறை கேட்டார்.

டாக்டர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ஓர் இடத்தில் விரலை வைத்தார். "இருதயம் நின்னுபோன நேரத்துல மூளைக்குக் காத்து போகல. முதல்ல அடிபடறது இந்த எடம்தான். பழசு எல்லாம் இருக்கும். கை வேலை மறக்காது. புதுசா நடக்கறது எதுவும் நிக்காது." பிறகு என்னைப் பார்த்து, "நீங்க என்ன படிக்கறீங்க?" என்றார்.

சொன்னேன். அவர் அதற்கு மேல் விளக்கவில்லை. அவர் விரல் வைத்த இடம் எனக்குத் தெரிந்த இடம். ஹிப்போகாம்பஸ். மூளைக்குள் இரண்டு பக்கமும் கடற்குதிரைபோல் வளைந்து கிடக்கும் பகுதி. என் முதுகலை ஆய்வே அதைச் சிதைத்த எலிகளை வைத்துத்தான். வல்லாரைச் சாறு கொடுத்தால் அவற்றுக்கு நினைவு திரும்புமா என்று பார்ப்பது.

அந்தச் சோதனை எளிமையானது. ஒரு பெட்டி, நடுவே சின்னக் கதவு. ஒரு பக்கம் வெளிச்சம், மறுபக்கம் இருட்டு. எலிக்கு இருட்டுதான் பிடிக்கும். வெளிச்சத்தில் விட்டால் சில நொடியில் இருட்டுக்குள் போய்விடும். போனதும் கால் கம்பியில் லேசாகக் கரன்ட் கொடுப்போம். மறுநாள் அதே எலியை அதே வெளிச்சத்தில் விடுவோம். நல்ல எலி கதவு வரைக்கும் வரும், மூக்கை நீட்டும், பின்வாங்கும். ஐந்து நிமிஷம் ஆனாலும் உள்ளே போகாது. ஹிப்போகாம்பஸ் சிதைந்த எலி அப்படி இல்லை. நேற்று எதுவும் நடக்காததுபோல் ஓடும். கரன்ட் வாங்கும், கத்தும். மறுநாள் மறுபடியும் ஓடும். நான் ஸ்டாப்வாட்சை அமுக்கி நொடியை எழுதிக்கொள்வேன். ஏழு. ஒன்பது. ஆறு. ஏழு.

எழுதும்போது சில நாள் சிரித்திருக்கிறேன். அதையும் சொல்லிவிட வேண்டும்.

அப்பாவை வீட்டுக்குக் கூட்டி வந்தோம். வாசலில் உட்கார்ந்தார். அன்று பிற்பகலே பல்பு மூன்றும் எரிந்தன. அப்பா எழுந்தார், துண்டை உதறித் தோளில் போட்டார், கொட்டாய்க்குள் போனார். ஸ்டார்ட்டர் பிடிக்கவில்லை. மூடியைத் திறந்தார். கூரையில் செருகியிருந்த வேப்பங்குச்சியை எட்டி எடுத்தார். கை தானாகப் போகிறது. அம்மா பின்னாலிருந்து இடுப்பைக் கட்டிப் பிடித்து இழுத்தாள்.

"என்னாடி இது, பைத்தியமா புடிச்சிக்குது? பயிரு காயுதில்ல," என்றார்.

"அதுல கை வெச்சித்தான் செத்துப் பொழைச்சி வந்துக்கிறீங்க."

"யாரு, நானா?" என்றார் அப்பா. உண்மையாகவே கேட்டார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரே ஒரு வேலைதான். அவர் அந்தக் கொட்டாய்க்குள் போகக் கூடாது. மறுபடி ஒரு தடவை இருதயம் நின்றால் திரும்பி ஓடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

பூட்டுப் போட்டோம். பூட்டைக் கண்டால் அப்பாவுக்கு அவமானம் பொங்கும். "எங்கொட்டாய எவன்டா பூட்டினது?" என்று கருங்கல்லை எடுத்துவந்து உடைத்தார். இரண்டு பூட்டு போனது. பீஸ் கட்டையைப் பிடுங்கி அம்மா அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்தாள். அப்பா வெறும் கம்பியை முறுக்கிச் சொருகினார். அது இன்னும் மோசம், கட்டையே இருக்கட்டும் என்று திரும்ப வைத்தோம். மோட்டாரையே நிறுத்திவிடலாம் என்றால் கொல்லையில் மல்லாட்டை நின்றது. ஆஸ்பத்திரிக்கு வாங்கிய கைமாற்றை அதை வைத்துத்தான் அடைக்க வேண்டும். மாமா வந்து மோட்டார் போட்டுவிட்டுப் போவார். அப்பாவைப் பார்த்துக்கொள்ள அம்மா. அம்மா நூறு நாள் வேலைக்குப் போகும் நாளில் நான். கல்லூரிக்கு வாரத்தில் மூன்று நாள்தான் போனேன்.

தினமும் வல்லாரைத் துவையல். அம்மா வரப்பு வரப்பாகத் தேடிப் பறித்து வருவாள். அப்பா ஒவ்வொரு நாளும், "இன்னிக்கி என்னா புதுசா கீரை?" என்று கேட்டுவிட்டுச் சாப்பிட்டார். திருவக்கரைக்குக் கூட்டிப்போய் அம்மனுக்கு எலுமிச்சம்பழ மாலை சாத்தினாள். அங்கே கல்மரங்களைக் காட்டினேன். "மரம் கல்லாப் போயிருக்குதா? எவ்ளோ நாளாச்சாம்?" என்று ஆச்சரியப்பட்டார். அடுத்த கல்மரத்துக்கு நடந்து போவதற்குள் அந்த ஆச்சரியம் தீர்ந்து, புதிதாக ஆச்சரியப்பட்டார். சந்தோஷமாகத்தான் இருந்தார். பேஜாரெல்லாம் எங்களுக்குத்தான்.

வைகாசியில் இரண்டாவது தடவை அடித்தது. அம்மா அடுப்பில் கேப்பைக் கூழ் கிண்டிக்கொண்டிருந்த இரண்டு நிமிஷத்தில். நல்லவேளை, தூக்கி எறிந்துவிட்டது. உள்ளங்கையில் ரூபாய் அகலத்துக்குக் கொப்புளம். வாசலில் உட்கார வைத்து அம்மா தேங்காயெண்ணெய் தடவினாள். அப்பா கொப்புளத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது எப்டி ஆச்சி?"

"கரன்ட்டு," என்றாள் அம்மா.

"ஏ, பாத்து இருக்க வேணாமா?" என்றார், வேறு யாரையோ கண்டிப்பதுபோல். கொட்டாயில் பல்பு எரிந்துகொண்டே இருந்தது. எழுந்தார். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். ஏன் பார்த்தேன் என்று தெரியவில்லை, பழக்கம். அவர் பல்பைப் பார்த்ததிலிருந்து முதல் அடி எடுத்து வைக்கும் வரை பதினோரு நொடி.

மறுநாளும் பார்த்தேன். பதினோரு நொடி. கொப்புளம் ஆறுவதற்கு முன்னும் ஆறிய பின்னும் அதே பதினொன்று.

மாமாதான் அந்தப் பேச்சை எடுத்தார். கிணற்று மேட்டில் உட்கார்ந்து பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார்.

"மாப்ள, சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்குப் போவாதுன்னு சொல்வாங்க. உங்கப்பாவுக்கு அந்தச் சூடு பத்தல."

"ரெண்டு தடவை செத்துப் பொழைச்சிருக்காரு மாமா."

"அது பெரிய அடி. பெரிய அடில ஆளே மயக்கமாயிடறான், அப்பறம் எங்க ஞாபகம் நிக்கும்? சின்னச் சின்னதா நாலு வாட்டி குடுத்துப் பாரு. எங்க ஊருல வலிப்பு வந்தவனுக்கு நெத்தியில சூடு போடுவாங்க. நின்னு போச்சே. நீ எலிக்குக் குடுக்கறியாமே, சம்பளம் இல்லாம? அப்பனுக்குக் குடு."

நான் படித்தவன். இது நடக்காது என்பது அந்த வட்டாரத்திலேயே எனக்குத்தான் நன்றாகத் தெரியும். ஒவ்வொரு வாரமும் என் நோட்டில் நானே எழுதிக்கொண்டிருந்தது அதைத்தான். ஆனாலும் அன்று பஸ்ஸில் போகும்போது எனக்கு வேறு கணக்கு ஓடியது. எலிக்கு ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் கொடுத்தோம். தினமும் மூன்று தடவை, விடாமல், அதே இடத்தில் கொடுத்தால்? மூளையில் மிச்சம் மீதி ஏதாவது இருக்காதா? எங்கள் வீட்டில் முதலில் படித்தவன் நான்தான். எல்லோரும் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். பக்கத்துக் கொல்லைக்காரர் நேற்றுகூட வேலியோரம் நின்று, "ஊருக்கெல்லாம் மருந்து படிக்கிறான், அப்பனுக்கு ஒண்ணும் காணோமே," என்று சொல்லிவிட்டுப் போனார். ஏதாவது செய்ய வேண்டும். செய்கிற மாதிரியாவது இருக்க வேண்டும்.

திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் கொசு பேட் ஒன்று வாங்கினேன். நூற்று முப்பது ரூபாய். சுள்ளென்று பிடிக்கும், ஆளை ஒன்றும் செய்யாது. முதலில் என் கையிலேயே வைத்துப் பார்த்தேன். கண்ணில் தண்ணீர் வந்தது. வலையை அறுத்துவிட்டு இரண்டு கம்பியை மட்டும் வெளியே நீட்டி வைத்தேன்.

அம்மா வேலைக்குப் போன நாட்களில் செய்தேன். மாமா மெயினை அணைத்துவிட்டு, மூன்று பல்பும் எரிவதற்கு மட்டும் தனியாகக் கரன்ட் எடுத்து வைத்தார். பல்பு எரியும். பதினோரு நொடி. அப்பா எழுந்து கொட்டாய்க்குள் போவார். பெட்டி மூடியில் கை வைத்ததும், பக்கத்தில் நிற்கும் நான் கம்பியை அவர் புறங்கையில் வைப்பேன். எங்கள் ஆய்வு ஆசிரியை சொல்லிக் கொடுத்தது அப்படித்தான்: தண்டனை உடனே வர வேண்டும், தாமதித்தால் விலங்குக்கு எதற்கு என்று புரியாது.

அப்பா, "ஸ்ஸ்," என்று கையை உதறுவார். "என்னாடா, கரன்ட்டு எகிறுது?"

"ஆமாம்பா. அதத் தொடாத. வா போலாம்."

"சரிடா," என்று என்னோடு வருவார். வாசலில் உட்காருவார். நான் ஒரு செம்புத் தண்ணீர் கொடுப்பேன். குடிப்பார். பல்பு எரியும். பதினோரு நொடி.

ஒரு நாளுக்கு மூன்று தடவை. ஒன்பது நாள். இருபத்தேழு தடவை. கல்லூரி நோட்டின் கடைசிப் பக்கத்தில் நொடியை எழுதினேன். பதினொன்று, பதினொன்று, பன்னிரண்டு, பதினொன்று. அந்தப் பன்னிரண்டைப் பார்த்து ஒரு நாள் முழுக்க நம்பிக்கையோடு இருந்தேன். துண்டு நாற்காலிக் காலில் மாட்டியிருந்தது என்பது பிறகுதான் ஞாபகம் வந்தது.

பத்தாம் நாள் சாயங்காலம் அம்மா டீ போட்டுக் கொடுத்தாள். நான் டம்ளரை எடுத்துப்போய் நீட்டினேன். அப்பா வாங்கவில்லை. இரண்டு கையையும் துண்டுக்குள் இழுத்துக்கொண்டார்.

"அங்க வெய்யி."

"சூடு ஆறிடும்பா, புடி."

"அங்க வெய்யின்னு சொல்றேன் இல்ல." முகம் வேர்த்திருந்தது. அப்புறம் அவருக்கே சங்கடமாகிவிட்டது. "ஒண்ணும் இல்லடா. ஏன்னு தெரியல. உங்கைய கண்டா எனக்கு ஒரு மாதிரியா இருக்குது."

டம்ளரைத் தரையில் வைத்தேன். நான் நாலடி தள்ளிப் போன பிறகுதான் எடுத்தார். அப்போது கொட்டாயில் பல்பு மூன்றும் எரிந்தன. நிஜமான மும்முனை. டீயை வைத்துவிட்டு எழுந்து போனார். அம்மாதான் ஓடிப் பிடித்தாள்.

மறுநாள் விலங்குக் கூடத்துக்குப் போய், அந்த எலிகளின் கூண்டுக்குள் கையை விட்டேன். சிதைந்த எலிகள். எத்தனை தடவை கரன்ட் வாங்கினாலும் இருட்டறைக்குள் ஓடுகிற எலிகள். என் கையுறை உள்ளே நுழைந்ததும் அவை மூலையில் போய் ஒட்டிக்கொண்டு கீச்சிட்டன. ஒன்று மூத்திரம் விட்டது. பெட்டியில் வைத்தேன், ஆறு நொடியில் இருட்டுக்குள் ஓடியது.

நோட்டைப் பிரித்தேன். ஐந்து மாதமாக என் கையெழுத்திலேயே இருந்தது. நொடிக் கணக்குக்குப் பக்கத்தில் 'குறிப்பு' என்று ஒரு கட்டம். அதில், கையாளக் கடினம். கையாளக் கடினம். கடித்தது. கையாளக் கடினம். எலிக்கு அறுவை செய்ததில் வந்த எரிச்சல் என்று நினைத்திருந்தேன். இடம்தான் அவற்றுக்கு மறந்து போயிருந்தது. பயம் மறக்கவில்லை. பயம் தங்குகிற பகுதி வேறே, அதை நாங்கள் தொடவேயில்லை. எந்த இடத்தில் நடந்தது, எதற்காக நடந்தது என்பதெல்லாம் அழிந்துபோய், யார் கை என்பது மட்டும் நின்றிருந்தது. பரீட்சையில் இதை நான் எழுதியிருக்கிறேன். முழு மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன்.

அப்பாவுக்கு நான் யார் என்று தெரியும். எந்த வகுப்பில் எத்தனை மதிப்பெண் வாங்கினேன் என்று தெரியும். இருபத்தேழு தடவை நான் அவருக்கு என்ன செய்தேன் என்பது மட்டும் தெரியாது. அதனால் மன்னிக்கவும் அவரால் முடியாது. என்னாலும் கேட்க முடியாது. கேட்டால் "எதுக்குடா?" என்பார்.

அம்மாவுக்கு ஒரு வாரத்தில் பிடிபட்டுவிட்டது. சோறு போட்டுக்கொண்டே கேட்டாள். "உன்னக் கண்டா ஏன் தம்பி இப்டி ஒதுங்கறாரு? அடிச்சியா?"

சொன்னேன். கொசு பேட்டையும் எடுத்துக் காட்டினேன். அவள் அதைக் கையில் வாங்கி, பொத்தானை அமுக்கி, கம்பியைத் தன் கட்டைவிரலில் வைத்துப் பார்த்தாள். கை துள்ளியது.

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம் இல்ல," என்றாள். "நானும் பாதி வெச்சிருப்பேன். ரெண்டு பேரையும் பாத்துப் பயந்திருப்பாரு. உன்ன மட்டும் ஏன்."

அதற்குப் பிறகு அப்பாவை நிறுத்துகிற வேலை எனக்கு இல்லை. என்னால் முடியவில்லை என்பதுதான் உண்மை. அவர் கையைப் பிடித்து இழுத்துவர வேண்டிய வேலை அது. அம்மா நூறு நாள் வேலையை விட்டாள். மாமாவுக்கும் அலுத்துவிட்டது. "மாப்ள, என்னா பண்றது, நானும் என் பொழப்பப் பாக்கணும் இல்ல," என்று தலையைச் சொறிந்தார். அவர் சொன்னதில் தப்பில்லை.

ஐப்பசியில் மூன்று நாள் அடைமழை. கொல்லை பூராவும் தண்ணீர் நின்றது, கிணறு விளிம்பு வரை ஏறியிருந்தது. அம்மா ரேஷன் கடைக்குப் போயிருந்தாள், மழை விடட்டும் என்று அங்கேயே நின்றுவிட்டாள். வீட்டில் அப்பாவும் நானும்தான். நான் உள்ளே ஆய்வேட்டை எழுதிக்கொண்டிருந்தேன்.

நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். மழைக்குள் மூன்று பல்பும் மங்கலாக எரிந்துகொண்டிருந்தன. அப்பா தண்ணீரில் கால் வைத்து நடந்துகொண்டிருந்தார், முழங்கால் வரை நிற்கிற தண்ணீரில், பயிருக்குத் தண்ணீர் பாய்ச்ச.

"அப்பா. வேணாம்பா. நில்லு."

"ஜல்தி போட்டுட்டு வர்றேன்டா. கரன்ட்டு போயிடும்."

ஓடினேன். நான் கொட்டாய் வாசலை எட்டுவதற்குள் அவர் மூடியைத் திறந்துவிட்டார், குச்சிக்குக் கூரையில் துழாவிக்கொண்டிருந்தார். கால் ஈரம், கை ஈரம். இன்னும் எதையும் தொடவில்லை. சும்மா விட்டிருந்தால் அந்த நொடியில் அவருக்கு ஒன்றும் ஆகியிருக்காது. நான் கையை நீட்டினேன். தோளைப் பிடித்து வெளியே இழுக்கத்தான் நீட்டினேன்.

அப்பா திரும்பினார். என் கை வருவதைப் பார்த்தார். அந்த முகத்தை நான் எழுதப் போவதில்லை. கூண்டில் அந்த எலிகள் மூலைக்கு ஒதுங்கிய மாதிரி, என் கையிலிருந்து தப்பிக்கப் பின்னால் துள்ளினார். விழாமல் இருக்க இடது கையை ஊன்றினார். ஊன்றிய இடம் திறந்து கிடந்த பெட்டி.

கதவோரம் சாத்தியிருந்த சவுக்குக் கட்டையால் அவர் கையை அடித்துப் பிரித்தேன். எவ்வளவு நேரம் ஆயிற்று என்று தெரியாது. அன்று ஒரு நாள்தான் நான் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

உயிர் இருந்தது. இருதயம் நிற்கவில்லை. விழுப்புரத்தில் இடது கையின் இரண்டு விரலை எடுத்தார்கள். கட்டைப் பார்த்து, "கையில என்னாடி கட்டு?" என்று அம்மாவைக் கேட்டார். நாளைக்குப் பத்துத் தடவை கேட்டார். நான் கட்டிலின் கால்மாட்டில் நின்றால் எதுவும் கேட்க மாட்டார், கால்களை இழுத்துக்கொள்வார்.

ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே அம்மா முடிவு செய்தாள். "கரன்ட்ட வேணாம்னு எழுதிக் குட்த்துடு. நெலத்தயும் வித்துடலாம். அந்தக் கொட்டாய் கண்ணுல பட்ற எடத்துல நாம இருக்கக் கூடாது."

மனுவை நான்தான் எழுதினேன். 1993-இல் எவரோ ஒருவர் டீக்காக எழுதிக் கொடுத்ததை ரத்து செய்யச் சொல்லி, அழகான கையெழுத்தில், ஒரு பிழை இல்லாமல். அப்பாவின் கட்டைவிரலை மையில் ஒற்றி வைக்க வேண்டும். நான் பிடிக்கப் போனால் இழுத்துக்கொண்டார். அம்மா பிடித்து ஒற்றினாள். "எதுக்குடி இது?" என்றார். "கரன்ட்டுக்கு," என்றாள் அம்மா. "அப்பாடா, எழுதிக் குட்த்துட்டீங்களா? எப்ப வருமாம்?" என்றார்.

ஆபீஸில் இருந்தவர் மனுவைப் படித்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். "தம்பி, இந்த கனெக்‌ஷனுக்கு எத்தினி பேரு வருஷக்கணக்கா காத்துக்கினு இருக்காங்க தெரியுமா? நல்லா யோசிச்சியா?"

"யோசிச்சிட்டோம் சார்."

கரன்ட் இல்லாத கிணற்று நிலத்துக்கு விலை ஏறாது. வந்தவர்கள் எல்லோரும் முதலில் கம்பத்தைத்தான் பார்த்தார்கள். கம்பியைக் கழற்றியாயிற்று என்று தெரிந்ததும் பேச்சு இறங்கியது. கடைசியில் மனை போடுகிற ஒருவர் எடுத்துக்கொண்டார்.

இப்போது விழுப்புரத்தில், ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்பக்கம் வாடகை வீடு. நான் ஆய்வேட்டை முடித்துக் கொடுத்துவிட்டு ஒரு மருந்துக் கடையில் இருக்கிறேன். ஆய்வேட்டில் குறிப்புக் கட்டம் இல்லை. அதற்கு இடம் ஒதுக்குவதில்லை. அப்பா வாசலில் நாற்காலி போட்டு உட்காருகிறார், எதிரே அடுத்த வீட்டுச் சுவர். கரன்ட் போய்த் திரும்பி வந்தால், ட்யூப்லைட் எரிந்ததும், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுகிறார். எண்ண வேண்டாம் என்றுதான் நினைக்கிறேன். மனசு எண்ணிவிடுகிறது.

"எங்க கெளம்பிட்டீங்க?" என்பாள் அம்மா.

"மோட்டாரு போட வேணாமா?"

"நெலத்தத்தான் வித்துட்டமே."

நின்றபடியே நிற்பார். ஒவ்வொரு தடவையும் அவருக்கு அது முதல் தடவை. நாற்காலியில் மெதுவாக உட்காருவார். எதற்கு விற்றீர்கள் என்று கேட்பதில்லை. கையில் இரண்டு விரல் இல்லாததைப் பார்த்து ஏதோ புரிந்துகொள்வார் போல.

"எவ்ளோவுக்குப் போச்சி?"

"எனக்கு எங்க தெரியும்? அவன கேளுங்க," என்பாள் அம்மா, வேண்டுமென்றே. அப்படியாவது என்னோடு ஒரு வார்த்தை பேசட்டும் என்று.

அப்பா என் பக்கம் பார்க்கிறார். கைகள் துண்டுக்குள் போகின்றன. நான் நிலைப்படிக்கு வெளியே நின்று, என் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்கிறேன். அப்படி நிற்கப் பழகிவிட்டேன். கை கண்ணில் படாவிட்டால் அவரால் என் முகத்தைப் பார்க்க முடிகிறது.

"எவ்ளோடா?"

"மூணு லட்சத்து அறுவதாயிரம்பா."